“தூக்கி இழும்மா!” - பழைய வேனின் கதவு என்ன சொல்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது?

காலை ஆறரை மணி. இன்னும் முழுசா விடியவில்லை. வீட்டு வாசலில் பள்ளி வேன் வந்து நிற்கிறது.

“அங்கிள், கதவு மாட்டிக்கிச்சு!”

“கொஞ்சம் தூக்கி இழும்மா. அப்புறம் ‘டப்’புன்னு விடு.”

மலேசியாவில் பள்ளி வேனில் போய் வந்தவர்களுக்கு இந்த உரையாடல் புதிதில்லை. ஒவ்வொரு பழைய வேனுக்கும் ஒரு ‘டெக்னிக்’ உண்டு. ஒன்றைத் தூக்கி இழுக்கணும். இன்னொன்றை வேகமாக அடிக்கணும். வேறொன்றில் உள்கைப்பிடி வேலை செய்யாது, ஓட்டுநர் இறங்கி வந்து வெளியிலிருந்துதான் திறப்பார்.

நாம் அதைப் பழகிக்கொள்கிறோம். ஆனால் அந்த ‘டெக்னிக்’ என்பது உண்மையில் ஒரு புகார். கதவின் ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்று வேன் நம்மிடம் சொல்கிறது.

அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? எந்தப் பாகத்தைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றியே ஆகணும்? ஒரிஜினல் பாகம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பார்ப்போம்.

சுருக்கமாக

• பெரும்பாலான கதவுக் கோளாறுகளுக்குக் காரணம் கதவு அல்ல. ரோலர், கொண்டி, கீல், ரப்பர் போன்ற சின்னப் பாகங்கள்தான்.
• முதல் வேலை பாகம் வாங்குவது அல்ல, சுத்தம் செய்வது.
• கதவைப் பூட்டிப் பிடிக்கும் லாட்ச் தேய்ந்துவிட்டால் ஒட்டுப்போட வேண்டாம். மாற்றிவிடுங்கள்.
• கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் அது வெறும் தொல்லை இல்லை, ஆபத்து.

பழைய வேன்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

நிசான் வேனெட் சி22, டொயோட்டா லைட்ஏஸ், பழைய ஹைஏஸ், ஃபோர்டு ஈகோனோவேன், 1996-இல் அறிமுகமான பெரோடுவா ரூசா. இவற்றில் ஒன்றையாவது நீங்கள் பசார் மாலாமிலோ பள்ளி வாசலிலோ பார்த்திருப்பீர்கள். வேனெட் சி22 என்பது 1980-களின் வடிவமைப்பு. ஆனாலும் 2000-களிலும் அது மலேசியாவில் புதிதாக விற்பனையானது.

சிங்கப்பூரில் சரக்கு வேன்களுக்கு 20 ஆண்டு வரம்பு இருப்பதால் அங்கே இப்படிப்பட்ட வண்டிகள் குறைவு. நம் ஊரில் நிலைமை வேறு. எஞ்சின் எளிமையானது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், வண்டிக் கடனும் எப்போதோ கட்டி முடிந்திருக்கும். ஒரு குடும்பத்தின் வருமானமே அந்த வேனில் ஓடிக்கொண்டிருக்கும்.

எஞ்சினுக்கு நேரத்துக்கு எண்ணெய் மாற்றுவார்கள். பிரேக் பார்ப்பார்கள். ஆனால் கதவு? அது உடைந்து விழும்வரை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளி வேனின் பக்கக் கதவு ஒரு நாளில் 40 முறை திறந்து மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 பள்ளி நாள் என்றால் 8,000 முறை. பத்தே ஆண்டில் 80,000 முறை! அதுவும் பெரும்பாலும் குழந்தைகள் கையால், அவசர அவசரமாக.

நகரும் கதவு எப்படி வேலை செய்கிறது?

பார்க்க ஒரே கதவுதான். ஆனால் அது மூன்று இடத்தில் தொங்குகிறது.

மேலே ஒரு டிராக், கீழே படிக்கட்டுப் பக்கம் ஒரு டிராக், நடுவில் வேனின் வெளிப்பக்கம் பின்னோக்கி ஓடும் ஒரு டிராக். ஒவ்வொன்றிலும் ஒரு ரோலர் கை ஓடும்.

• கீழ் ரோலர்: கதவின் முன்பக்க எடையைத் தாங்கும்.
• நடு ரோலர்: கதவின் பின்பக்க எடையைத் தாங்கும். அதிகம் தேய்வதும் இதுதான்.
• மேல் ரோலர்: எடையை அவ்வளவாகத் தாங்காது. கதவு வெளியே சாயாமல் பிடித்துக்கொள்ளும்.

டிராக்கின் முன்முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். அதனால்தான் கதவு முதலில் நேராக ஓடி, கடைசியில் உள்ளே அமுங்கி மூடுகிறது.

மூடியதும் கதவைப் பிடித்து வைப்பது லாட்ச். கதவில் நகம் போல ஒரு கொக்கி இருக்கும். வேனின் உடலில் கொண்டி, அதாவது ஸ்ட்ரைக்கர் என்ற இரும்புக் கம்பி இருக்கும். கொக்கி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். லாட்ச் இரண்டு கட்டமாகப் பூட்டும். ஒரு முறை ‘டிக்’ என்றால் பாதிப் பூட்டு. இரண்டாவது ‘டக்’ வந்தால்தான் முழுப் பூட்டு. பாதிப் பூட்டில் நிற்கும் கதவு மூடியது போலவே தெரியும். ஆனால் உடலோடு சமமாக இருக்காது, விளிம்பு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். வேன் வளைவில் திரும்பும்போது உள்ளே ஒரு குழந்தை சாய்ந்திருந்தால், அந்தப் பாதிப் பூட்டை நம்ப முடியாது.

உங்கள் ‘டெக்னிக்’ எது?

கதவு எப்படி அடம்பிடிக்கிறது என்பதை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

“தூக்கி மூடணும்”: கதவின் பின்பக்கம் தொங்குகிறது. நடு ரோலரோ அதன் முளையோ தேய்ந்திருக்கும்.

“திறக்கும்போது கீழே உரசுது”: கீழ் ரோலர் தேய்ந்திருக்கலாம், அல்லது டிராக்கில் மண்ணும் கல்லும் சேர்ந்திருக்கலாம். இரண்டாவது என்றால் அதிர்ஷ்டம், செலவே இல்லை.

“ஓங்கி அடிச்சாத்தான் மூடும்”: லாட்ச் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். அல்லது கொண்டி இடம் நகர்ந்திருக்கும். புது ரப்பர் போட்ட பிறகு இப்படி ஆனால், ரப்பர் தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம்.

“ஓடும்போது கடகடன்னு சத்தம்”: கொண்டி தேய்ந்திருக்கும், அல்லது கதவு முட்டி நிற்கும் ரப்பர் கட்டை காணாமல் போயிருக்கும்.

“இறக்கத்தில் நிறுத்தினா தானா ஓடிவருது”: கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கும் பிடிப்பு பழுது. குழந்தையின் விரல் நசுங்குவது இப்படித்தான். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

“உள்ளேயிருந்து திறக்காது”: உள்கைப்பிடியிலிருந்து லாட்ச்சுக்குப் போகும் கம்பியின் கிளிப் கழன்றிருக்கும். அதற்கு முன், குழந்தைப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் கோளாறே அதுதான்!

முதல் படி: காசு செலவழிக்காமல் சுத்தம் செய்யுங்கள்

கதவு இறுக்கமாக இருந்தால் நம்மில் பலர் செய்வது என்ன? டபிள்யூடி-40 எடுத்து அடிப்பது. உடனே கதவு பட்டுபோல ஓடும். இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

காரணம் எளிது. அது ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்த இடத்தை இளக்கவும் நல்லது. ஆனால் நீண்ட நாள் நிற்கும் கிரீஸ் அல்ல. ஏற்கெனவே இருந்த கிரீஸையும் அது கழுவிவிடும்.

சரியான வரிசை இதுதான்:

1. மூன்று டிராக்கிலும் இருக்கும் மண், மிட்டாய்த் தாள், பழைய கிரீஸ் எல்லாவற்றையும் பழைய பல் துலக்கியால் சுரண்டி எடுங்கள்.
2. மண்ணெண்ணெய் அல்லது பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். பெயிண்டில் பிரேக் கிளீனர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. ரோலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆடாமல் சுற்றினால் நல்லது. சுற்றாமல் இறுகி நின்றாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ அது தேய்ந்த ரோலர்.
4. லாட்ச்சுக்குள் வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள். டிராக்கில் மெல்லிய பூச்சு போதும். அப்பி வைத்தால் தூசியைப் பிடித்து அரக்குத்தாள் மாதிரி ஆகிவிடும்.
5. ரப்பருக்கு சிலிகோன் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதி, இளகிப் போகும்.

இதற்கே பாதிக் கதவுகள் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால்தான் அடுத்த படி.

ரோலர்: தேய்ந்தால் என்ன செய்வது?

ரோலர் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன பேரிங்கைச் சுற்றி நைலோன் உறை. வெயிலில் காய்ந்து, அந்த உறை வெடித்துவிடும். பிறகு இரும்பு இரும்போடு உரசும். அப்போது டிராக்கும் சேர்ந்து தேய ஆரம்பிக்கும். ஒரு சின்ன ரோலரை மாற்றாமல் விட்டதால், கடைசியில் டிராக்கையே வெட்டி வெல்டிங் செய்யும் நிலை வரும்.

புதிய ரோலர் செட் கிடைத்தால் மாற்றிவிடுவதே நல்லது. கிடைக்காவிட்டால்? கை நல்ல நிலையில் இருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றலாம். பழைய ரிவெட்டை டிரில் செய்து எடுத்துவிட்டு, கடைசல் பட்டறையில் அதே அளவில் புதிய முளையும் நைலோன் சக்கரமும் செய்து வாங்கலாம். பழைய சக்கரத்தைக் கட்டாயம் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் தேய்ந்த விளிம்பை அளக்காமல், தேயாத ஓரத்தை அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த அளவில் புதிதாகச் செய்தால், அது புதிய தேய்ந்த ரோலர்தான்!

நடு ரோலரைக் கழற்றும்போது கதவின் பின்பக்கம் பொத்தென்று கீழே இறங்கும். தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் கதவைப் பிடிக்கணும், அல்லது அடியில் ஜாக்கி வைத்து, இடையில் பலகையும் துணியும் வைத்துத் தாங்கணும்.

கொண்டியும் லாட்ச்சும்: இங்கே சமரசம் வேண்டாம்

கொண்டியைச் சரிசெய்வது எளிது, கெடுப்பதும் எளிது.

ஸ்க்ரூவைத் தளர்த்துவதற்கு முன், கொண்டியைச் சுற்றி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பழைய இடம் எது என்று தெரிந்தால்தான் திரும்பி வர முடியும். பிறகு ஒவ்வொரு முறையும் 1 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நகர்த்திப் பாருங்கள். உள்ளே தள்ளினால் கதவு இறுக்கமாக மூடும். கீழே இறக்கினால் தொங்கும் கதவுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும்.

ஆனால் ஒன்று. நடு ரோலர் தேய்ந்து கதவு தொங்கும்போது கொண்டியைக் கீழே இறக்குவது, காய்ச்சலுக்குத் தெர்மோமீட்டரைத் திருத்துவது மாதிரி. முதலில் ரோலர், பிறகுதான் கொண்டி.

கொண்டியில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். லாட்ச்சின் கொக்கி முனை மழுங்கியிருந்தால், “வெல்டு வச்சு அரைச்சுத் தர்றேன்” என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பல் கடினமாக்கப்பட்ட இரும்பு. வெல்டிங் சூட்டில் அதன் கடினம் போய்விடும். வெளியே பார்க்கப் புதுசு, உள்ளே நம்ப முடியாது. ஓடும் வண்டியில் கதவைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு பல்தான்.

முன்கதவு: கீலைக் கேளுங்கள்

ஓட்டுநர் கதவு ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. அதுவும் பலர் கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குவார்கள். எடையெல்லாம் கீலின் மேல்.

சோதனை சுலபம். கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடுகிறதா? இன்னொருவரைக் கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முளை மட்டும் துளைக்குள் ஆடினால், முளையும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. இதைச் சரிசெய்யலாம். கடைசல் பட்டறையில் நீள்வட்டமாகிப்போன துளையை வட்டமாகச் செதுக்கி, வெண்கல புஷ் அடித்து, அதற்கேற்ற இரும்பு முளை போட்டுத் தருவார்கள். கீலின் உடல் ஒரிஜினலாகவே இருக்கும், தேய்ந்த இடம் மட்டும் புதுசு.

கீல் மொத்தமாக ஆடினால், போல்ட் தளர்ந்திருக்கும் அல்லது தூணின் தகடு வெடித்திருக்கும். போல்ட் என்றால் இறுக்கினால் போதும். தகடு வெடிப்பு என்றால் அது ‘நாக்கிங்’ பட்டறை வேலை.

கீலைக் கழற்றும் முன் அதைச் சுற்றியும் கோடு போட மறக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும் கழற்றினால் கதவின் நிலை மாறாது.

துரு உள்ளேயிருந்து வருகிறது

நம் ஊரில் வெயிலுக்கும் மழைக்கும் குறைவே இல்லை. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்தான் போகும். அது இயல்பு. வெளியேறத்தான் கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கின்றன.

அவை மண்ணால் அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கதவை ஆட்டும்போது ‘களக் களக்’ என்று சத்தம் கேட்டால், அது இதுதான். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது, உள்ளே தகடு ஏற்கெனவே சல்லடையாகியிருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கேபிள் டையைத் துளைகளில் விட்டுக் குடைந்து எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது பெயிண்டைச் சுரண்டி புதுத் துருவுக்கு வழி திறந்துவிடும்.

ஓட்டை விழுந்துவிட்டால் புட்டி பூசி மறைப்பது தீர்வு இல்லை. புட்டிக்குப் பின்னால் துரு வேலையைத் தொடரும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கம் துருத் தடுப்பு மெழுகு அடிக்கணும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றவும், ரப்பரையும் கதவு அட்டையையும் எடுத்துவிடவும் பட்டறையில் சொல்லுங்கள்.

‘ஓரி’யா, ஓஇஎம்-ஆ, ஹாஃப் கட்டா?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வித்தியாசம் என்ன?

ஓரி: வாகன நிறுவனத்தின் பெயரிட்ட பெட்டியில் வருவது. பழைய மாடலுக்குக் கிடைப்பது கடினம்.

ஓஇஎம்: வாகன நிறுவனத்துக்குப் பாகம் செய்து தரும் உற்பத்தியாளர் தயாரித்தது. நிறுவனப் பெட்டி இருக்காது. ஆனால் கடைகளில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

ஹாஃப் கட்: ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்ட வண்டியிலிருந்து எடுத்தது. எஞ்சினுக்காகக் கொண்டுவருவதால் பெரும்பாலும் முன்பாதிதான் வரும். பக்கக் கதவின் பாகம் வேண்டுமென்றால் முழு வண்டியைப் பிரிக்கும் கெடாய் போத்தோங்கில் கேட்டுப் பாருங்கள்.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் பக்கக் கதவு அங்கும் இடப்பக்கம். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த பாகம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும், பொருந்தாது. இணையத்தில் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு.

இன்னொரு வழி, வண்டியின் ‘சகோதரரை’த் தேடுவது. ஃபோர்டு ஈகோனோவேன் மாஸ்டா போங்கோவின் உடன்பிறப்பு. பெரோடுவா ரூசா டைஹாட்சு வடிவமைப்பில் வந்தது. ஒரு பெயரில் கிடைக்காத பாகம் இன்னொரு பெயரில் கிடைக்கலாம். கடைக்குப் போகும்போது பழைய பாகம், சேசிஸ் எண், படம் மூன்றையும் எடுத்துப் போங்கள்.

ஒரு விதி: உராயும் பாகங்களை, அதாவது ரோலர், ரப்பர், கிளிப் போன்றவற்றைப் புதிதாக வாங்குங்கள். உராயாத பாகங்களை, அதாவது ரோலர் கை, கீல் உடல், கைப்பிடிச் சட்டம் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக்குப் போகணும். அங்கே வண்டியின் உடல்பகுதியும் பார்க்கப்படும். தேய்ந்த பாகத்தை அதே வகைப் பாகத்தால் மாற்றுவது சாதாரணப் பழுதுபார்ப்பு. ஆனால் கதவின் அமைப்பையே மாற்றுவது வேறு விஷயம். அதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு முதல் நாள் மட்டும் கதவைச் சரிசெய்து பயனில்லை. மீதி நாள்களிலும் பிள்ளைகள் அதில்தான் போகிறார்கள்.

ஐந்து நிமிடச் சோதனை

வீட்டில் வேன் இருக்கிறதா? இந்த வார இறுதியில் செய்து பாருங்கள்.

• கதவை மெதுவாக மூடி, ‘டிக்’, ‘டக்’ இரண்டும் கேட்கிறதா என்று கவனியுங்கள்.
• மூடிய கதவின் விளிம்பு உடலோடு சமமாக இருக்கிறதா?
• உள்ளே உட்கார்ந்து கதவைத் திறந்து பாருங்கள். ஒரு சிறுவனின் பலத்துக்குத் திறக்குமா?
• சிறிய இறக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து விடுங்கள். அப்படியே நிற்கிறதா? கையை நடுவில் வைக்க வேண்டாம்!
• ஒரு தாளை ரப்பருக்கும் உடலுக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் மழை உள்ளே வரும்.

முதல் மூன்றில் ஒன்று தவறினாலும், கதவு தானாக ஓடிவந்தாலும், சரிசெய்யும்வரை அந்தக் கதவுப் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீர்கள். உள்ளேயிருந்து திறக்காத கதவு என்றால் பயணிகளையே ஏற்ற வேண்டாம்.

பழைய வேன் வைத்திருப்பது வெட்கமான விஷயம் இல்லை. அதைக் கவனித்து ஓட்டுபவர்கள், ஃபோர்மேன்கள், கடைசல் பட்டறைக்காரர்கள் எல்லாருடைய கைவேலையும் அதில் இருக்கிறது. ஆனால் பழகிப்போன ஒரு ‘டெக்னிக்’குக்குப் பின்னால் ஒரு தேய்ந்த பாகம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த முறை “தூக்கி இழும்மா” என்ற குரல் கேட்டால், தூக்கி இழுங்கள். ஏறி உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்:

“அங்கிள், நடு ரோலர் போயிருக்கும்னு நினைக்கிறேன். சனிக்கிழமை பார்த்துடலாமா?”